உயிர் ஏன் ஒரே கையைத் தேர்ந்தெடுத்தது?

பன்னிரண்டாம் வகுப்பு வேதியியலில் உயிரியல் மூலக்கூறுகள் பற்றிய பாடத்தை நடத்தும்போது இரண்டு வரிகளை வேகமாகக் கடந்து போகிறோம். புரதங்களில் உள்ள அமினோ அமிலங்கள் எல் அமைப்பு கொண்டவை. இயற்கையில் கிடைக்கும் சர்க்கரைகள் பெரும்பாலும் டி அமைப்பு கொண்டவை. மாணவர்கள் அடிக்கோடிடுகிறார்கள், ஒரு மதிப்பெண் வினாவுக்காகப் படித்துக்கொள்கிறார்கள், மணி அடித்துவிடுகிறது.

இந்த இரண்டு வரிகளுக்குப் பின்னால் அறிவியல் இன்னும் முழு விடை காணாத ஒரு கேள்வி இருக்கிறது. விடை தெரியாத கேள்வி என்பதால் அதை வகுப்பில் எடுக்காமல் விட வேண்டியதில்லை. விடையின் பாதி நன்றாகவே தெரியும். மீதிப் பாதியை எப்படித் தேடுகிறார்கள் என்பதும் தெரியும். அதை நம் மாணவர்களுக்கு எப்படிச் சொல்லலாம் என்பதற்காகவே இக்கட்டுரை.

கையும் மூலக்கூறும்

வலது கையையும் இடது கையையும் எதிரெதிராக வைத்தால் ஒன்று மற்றதன் ஆடி பிம்பம். ஒன்றின் மேல் ஒன்றை அடுக்கினால் பொருந்தாது. கட்டைவிரல்கள் எதிரெதிர்த் திசைகளில் நிற்கும். வலது கால் செருப்பு இடது காலில் நுழையாததும் இதனால்தான். சில மூலக்கூறுகளுக்கும் இப்படி இரண்டு ‘கைகள்’ உண்டு. இதையே கைரல் தன்மை என்கிறோம். கையைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து கெல்வின் பிரபு உருவாக்கிய சொல் அது.

ஒரு கார்பனில் நான்கு வெவ்வேறு தொகுதிகள் இணைந்தால் கைத்தன்மை பிறக்கும். அலனினில் நடுக் கார்பனைச் சுற்றி ஹைட்ரஜன், அமினோ தொகுதி, கார்பாக்சில் தொகுதி, மெத்தில் தொகுதி என நான்கும் வேறு வேறு. கிளைசினில் இரண்டு ஹைட்ரஜன்கள் இருப்பதால் அதற்குக் கைத்தன்மை இல்லை. கரும்பலகையில் இதை வரைந்து காட்டுவதைவிட ஒரு களிமண் உருண்டையில் நான்கு ஈர்க்குகளைக் குத்தி, முனைகளில் நான்கு நிறப் பாசிமணிகளைச் செருகிக் காட்டுவது எளிது. ஆடி பிம்பத்தையும் அவ்வாறே செய்து, இரண்டையும் ஒன்றுபோல் நிறுத்திப் பார்க்கச் சொல்லுங்கள். மாணவர்கள் ஐந்து நிமிடம் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு முடியாது என்று தாங்களே சொல்வார்கள். அதன் பிறகு வரையறையை எழுதினால் போதும்.

இடுக்கியால் பிரித்த பாஸ்டர்

மூலக்கூறுகளின் இந்த இரு கைகளையும் முதன்முதலில் பிரித்துக் காட்டியவர் லூயி பாஸ்டர். ஆண்டு 1848. அவருக்கு அப்போது வயது 25. திராட்சை மதுத் தொட்டிகளில் படியும் டார்டாரிக் அமிலம் தள முனைவுற்ற ஒளியை வலப்பக்கம் சுழற்றியது. நம் வீட்டுப் புளியின் புளிப்புக்கும் இதே அமிலம்தான் காரணம். ஆனால் அதே இயைபு கொண்ட இன்னொரு அமிலம் ஒளியைச் சுழற்றவே இல்லை. பாஸ்டர் அந்த இரண்டாவது அமிலத்தின் சோடியம் அம்மோனியம் உப்பைப் படிகமாக்கி, நுண்ணோக்கியில் பார்த்தார். படிகங்கள் இரண்டு வகையாக இருந்தன. ஒன்று மற்றதன் ஆடி பிம்பம். இடுக்கியால் ஒவ்வொன்றாகப் பொறுக்கிப் பிரித்து, தனித்தனியே கரைத்தார். ஒரு கரைசல் ஒளியை வலப்பக்கமும் மற்றது இடப்பக்கமும் சுழற்றின. சம அளவில் கலந்தால் சுழற்சி மறைந்தது. நாம் பாடத்தில் சுழிமாய்க் கலவை என்று சொல்வது இதைத்தான்.

இந்த உப்பு சுமார் 27 பாகை செல்சியசுக்குக் கீழேதான் இப்படி இருவகைப் படிகங்களாகப் பிரியும். நம் ஊர் மே மாத வெயிலில் பாஸ்டர் இதைச் செய்திருந்தால் ஒன்றும் கண்டிருக்க மாட்டார்!

பின்னர் அவர் இன்னொன்றையும் கவனித்தார். சுழிமாய்க் கலவையில் பூஞ்சையை வளர்த்தபோது, அது ஒரு கை மூலக்கூறை மட்டும் உண்டு மற்றதை விட்டுவைத்தது. உயிருக்கு எந்தக் கை என்பது முக்கியம் என்று அப்போதே தெரிந்துவிட்டது. கார்பனின் நான்கு பிணைப்புகளும் நான்முகி வடிவில் நிற்கின்றன என்று வான்ட் ஹாஃபும் லெ பெல்லும் தனித்தனியே விளக்கியது 1874-இல்தான்.

பெயரில் ஒரு குழப்பம்

எல், டி என்ற எழுத்துகளை மாணவர்கள் இடஞ்சுழி, வலஞ்சுழி என்று புரிந்துகொள்வது வழக்கம். அது சரியல்ல. எல், டி என்பவை கிளிசரால்டிஹைடின் அமைப்போடு ஒப்பிட்டு இடும் பெயர்கள். ஒளி எந்தப் பக்கம் சுழலும் என்பதைச் சோதனையில்தான் அறிய முடியும். எல்-அலனின் ஒளியை வலப்பக்கம் சுழற்றுகிறது. டி-ஃபிரக்டோஸ் இடப்பக்கம் சுழற்றுகிறது.

இதை விளக்க நான் சங்கைச் சொல்வதுண்டு. நாம் வலம்புரி என்று போற்றும் அரிய சங்கை உயிரியல் நூல்கள் இடச்சுருள் சங்கு என்கின்றன. சங்கை எந்த முனை மேலே இருக்கும்படி பிடித்துப் பார்க்கிறோம் என்பதில்தான் வேறுபாடு. பெயர் மனிதர் வைத்தது. கடலில் ஒரு வகை மிகுதி, மற்றது மிக அரிது என்பது மட்டும் பெயரால் மாறாத உண்மை. மூலக்கூறுகளிலும் அப்படித்தான். இடது என்ற பெயரில் சிறப்பு ஒன்றுமில்லை. ஒரே பக்கமாக இருப்பதுதான் விந்தை. (சங்கு இங்கே உவமை மட்டுமே. ஓட்டின் சுருளை அமினோ அமிலத்தின் கை நேரடியாகத் தீர்மானிப்பதில்லை.)

உயிருக்கு ஏன் ஒரே கை வேண்டும்?

புரதங்களைக் கட்டும் 20 அமினோ அமிலங்களில் கிளைசின் தவிர்த்த 19-ம் எல் வகை. டி.என்.ஏ., ஆர்.என்.ஏ. இரண்டிலும் உள்ள சர்க்கரை டி வகை. பாக்டீரியாவிலிருந்து ஆலமரம், யானை, மனிதர் வரை இதுவே விதி. விலக்குகள் உண்டு. பாக்டீரியாக்களின் செல் சுவரில் டி-அலனின் இருக்கிறது. ஆனால் ரைபோசோமில் புரதம் கட்டப்படும்போது எல் வகையே சேர்கிறது.

காரணம் எளிது. புரதம் ஒரு சங்கிலி. அது சுருண்டு மடிந்து குறிப்பிட்ட வடிவம் பெற்றால்தான் வேலை செய்யும். எல்லாக் கண்ணிகளும் ஒரே கையாக இருந்தால் சுருள் ஒழுங்காக அமையும். இரு கைகளும் தாறுமாறாகக் கலந்தால் சுருள் குலையும். ஒரு பக்கம் மட்டுமே திரும்பும் படிகளைக் கொண்ட சுழல் மாடிப்படியில், நடுவே சில படிகளை எதிர்ப்பக்கம் திருப்பி வைத்ததுபோல் ஆகிவிடும்.

ஆர்.என்.ஏ.வில் சிக்கல் இன்னும் கடுமை. 1984-இல் ஜெரால்ட் ஜாய்ஸும் உடன் ஆய்வாளர்களும் செய்த சோதனையில், ஒரு கை மட்டும் கொண்ட அச்சு இழையின்மேல் அதே கை கொண்ட அலகுகள் நன்றாகக் கோத்துக்கொண்டன. எதிர்க்கை அலகுகளையும் சேர்த்தபோது அவை சங்கிலியின் நுனியில் இணைந்து வளர்ச்சியைத் தடுத்துவிட்டன. நகலெடுப்பு இல்லாமல் மரபு இல்லை, மரபு இல்லாமல் பரிணாமம் இல்லை. ஆகவே ஒரே கை என்பது உயிருக்கு அலங்காரம் அல்ல, அடிப்படைத் தேவை.

நம் உடல் கைகளைப் பிரித்தறியும் என்பதை மாணவர்கள் மூக்கால் உணரலாம். சமையலுக்கு வாங்கும் புதினாவின் மணத்துக்கும், நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும் சதகுப்பை விதையின் மணத்துக்கும் முக்கியக் காரணம் கார்வோன் என்ற ஒரே சேர்மம். புதினாவில் இருப்பது ஒரு கை, சதகுப்பையில் இருப்பது மறு கை. அணுக்கள், பிணைப்புகள், கொதிநிலை எல்லாம் ஒன்றே, ஆனால் மணம் வேறு. மூக்கில் உள்ள ஏற்பிகளும் கைத்தன்மை கொண்ட புரதங்கள் என்பதால் இந்த வேறுபாடு. இரண்டையும் கசக்கி முகரக் கொடுத்தால் அன்றைய பாடம் மறக்காது.

“இன்னொரு பாதி எங்கே போனது?”

சில ஆண்டுகளுக்கு முன் இந்தப் பாடத்தின் நடுவே ஒரு மாணவி எழுந்து கேட்டாள்: “சார், ஆய்வகத்துல செஞ்சா ரெண்டு கையும் சரிபாதியா வரும்னு சொன்னீங்க. அப்ப மொத மொத உயிர் வந்தப்போ இன்னொரு பாதி எங்க போச்சு?”

இதைவிடச் சரியாக இக்கேள்வியைக் கேட்க முடியாது. 1953-இல் சிகாகோவில் ஸ்டான்லி மில்லர் மீத்தேன், அம்மோனியா, ஹைட்ரஜன், நீராவி ஆகியவற்றுக்குள் மின்பொறி பாய்ச்சி அமினோ அமிலங்களைப் பெற்றார். உயிரற்ற பொருள்களிலிருந்து உயிரின் செங்கற்கள் கிடைத்தன. ஆனால் அவற்றில் இடமும் வலமும் சரிபாதி. இரு கைகளுக்கும் ஆற்றல் சமம் என்பதால் எது உருவாகும் என்பதில் இயற்கைக்கு ஓரவஞ்சனை இல்லை.

“இயற்கை அப்படித் தேர்ந்தெடுத்துவிட்டது” என்று சொல்லி உட்கார வைத்துவிடலாம். அது விடைபோல ஒலிக்கும் வாக்கியம், விடை அல்ல. கேள்வியைக் கேட்ட குழந்தைக்கு அந்த வேறுபாடு தெரியும். நான் அவளிடம் கேள்வியை இரண்டாக உடைத்துக்கொள்வோம் என்றேன். சரிபாதியில் முதல் சிறு சாய்வு எப்படி வந்தது? அந்தச் சிறு சாய்வு எப்படி முழு ஆட்சியாக வளர்ந்தது? ஆய்வாளர்களும் இப்படித்தான் பிரித்துக்கொள்கிறார்கள்.

முதல் சாய்வு

ஒன்று, தற்செயல். நாணயத்தை 10 லட்சம் முறை சுண்டினால் பூவும் தலையும் சரியாக ஐந்தைந்து லட்சம் விழாது. இரண்டுக்கும் இடையே ஓர் ஆயிரம் அளவுக்கு வேறுபாடு இருப்பது இயல்பே. அதாவது 0.1 விழுக்காடு. மூலக்கூறுகளும் அப்படியே. எண்ணிக்கை பெருகப் பெருக இந்த விழுக்காடு குறையும். ஆனால் சுழியமாகாது.

இரண்டு, விண்வெளி. ஒளியில் வட்டமாகச் சுழலும் முனைவாக்கம் கொண்ட வகை உண்டு. அதற்கும் இடம், வலம் உண்டு. ஒரு வகை ஒளி ஒரு கை மூலக்கூறைச் சற்றுக் கூடுதலாகச் சிதைக்கும். விண்மீன்கள் பிறக்கும் ஓரியன் முகிலில் இத்தகைய அகச்சிவப்பு ஒளி 17 விழுக்காடு வரை இருப்பதை 1998-இல் அறிவித்தார்கள். அதற்கு முந்தைய ஆண்டு குரோனின், பிட்சரெல்லோ இருவரும் ஒரு விண்கல்லில் சான்று கண்டனர். 1969 செப்டம்பர் 28 அன்று ஆஸ்திரேலியாவின் மர்ச்சிசன் ஊரருகே விழுந்த கல் அது. அதிலிருந்த சில அமினோ அமிலங்களில் இடக்கை வகை சுமார் 2 முதல் 9 விழுக்காடு வரை மிகுந்திருந்தது. அவை புவியின் உயிர்கள் புரதத்தில் பயன்படுத்தாத அமினோ அமிலங்கள். எனவே மண்ணில் கிடந்தபோது ஒட்டிக்கொண்டவை என்று சொல்வது கடினம்.

மூன்று, காந்தப் பாறை. சேலம் கஞ்சமலைத் தாதில் உள்ள மாக்னடைட் ஆதிப் புவியிலும் இருந்த கனிமம். காந்தமேற்றிய பரப்பில் எலக்ட்ரான்களின் தற்சுழற்சி ஒரு திசையில் ஒழுங்குபட்டிருக்கும். அப்பரப்பை இடக்கை மூலக்கூறும் வலக்கை மூலக்கூறும் வெவ்வேறு விதமாக அணுகும். 2023-இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் ஃபுர்கான் ஓஸ்டர்க், திமிதர் சாசலோவ் குழுவினர் ஆர்.என்.ஏ.வுக்கு முன்னோடியான ஒரு சேர்மத்தின் சுழிமாய்க் கரைசலை மாக்னடைட் பரப்பில் படிகமாக்கினர். ஒரு கை மிகுந்த படிகங்கள் கிடைத்தன. மீண்டும் படிகமாக்கியபோது ஒரே கை மட்டும் கிடைத்தது. காந்தத் திசையை மாற்றினால் மறு கை வந்தது.

சாய்விலிருந்து ஆட்சிக்கு

இரண்டாவது கேள்விக்கு 1953-இலேயே சார்லஸ் ஃபிராங்க் என்ற இயற்பியலாளர் கணித முறையில் ஒரு வழி காட்டினார். இரண்டே நிபந்தனைகள்: ஒவ்வொரு கையும் தன்னைப் போன்றதை உருவாக்க உதவ வேண்டும், எதிர்க்கையை முடக்க வேண்டும். இவை இரண்டும் இருந்தால் சரிபாதி நிலை நிலைக்காது. கத்திமுனையில் நிறுத்திய கோலிக்குண்டுபோல் ஏதேனும் ஒரு பக்கம் விழுந்தே தீரும்.

இது வெறும் கணக்கல்ல என்று பின்னர் தெரிந்தது. 1990-இல் திலீப் கொண்டெப்புடி குழுவினர் சோடியம் குளோரேட்டைப் படிகமாக்கினர். அதன் கரைசலுக்குக் கைத்தன்மை இல்லை, படிகத்துக்கு உண்டு. அசைக்காமல் வைத்தபோது இருவகைப் படிகங்களும் ஏறத்தாழச் சமமாக வந்தன. கலக்கிக்கொண்டே இருந்தபோது ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ எல்லாமே ஒரே கையாக வந்தன. முதலில் தோன்றிய படிகத்தின் துணுக்குகள் உடைந்து, அதே கையில் புதிய படிகங்களுக்கு விதையாகின. 1995-இல் ஜப்பானின் கென்சோ சோவாய் ஒரு கரிம வினையிலேயே இதைக் காட்டினார். அதில் விளைபொருளே தன் கையைச் சேர்ந்த விளைபொருளுக்கு வினையூக்கி. மிகச் சிறிய சாய்வில் தொடங்கினாலும் சில சுற்றுகளில் 99 விழுக்காட்டுக்கு மேல் ஒரே கை ஆகிவிடுகிறது. இது துத்தநாகச் சேர்மம் கொண்டு நீரில்லாச் சூழலில் நடக்கும் வினை. ஆதிப் புவியில் இதுவே நடந்தது என்று யாரும் சொல்லவில்லை. இப்படி நடக்க முடியும் என்பதற்குச் சான்று, அவ்வளவே.

பெருக்கம் வேகமாகவும் இருக்க வேண்டும். தானாக விட்டால் அமினோ அமிலங்கள் மெல்ல மெல்லக் கை மாறிச் சரிபாதிக்கே திரும்பும். உயிர் உள்ளவரை உடல் புதுப் புரதங்களைக் கட்டி ஒரே கையைக் காக்கிறது. புதுப்பிக்கப்படாத பல் எனாமலில் டி வகை ஆண்டுதோறும் சிறிது சிறிதாகக் கூடுகிறது. தடய அறிவியலில் இதை வைத்து வயதைக் கணிக்கிறார்கள்.

பாசிமணி விளையாட்டு

ஃபிராங்கின் கருத்தை என் வகுப்பில் ஒரு விளையாட்டாக்கினேன். செலவு இரண்டு சரம் பாசிமணி. ஒரே அளவு, இரு நிறம். ஒவ்வொரு குழுவும் ஒரு துணிப்பையில் 10 சிவப்பு, 10 நீல மணிகளைப் போடட்டும். மீதி மணிகள் வெளியே இருக்கட்டும். பார்க்காமல் இரண்டு மணிகளை எடுக்க வேண்டும். இரண்டும் வேறு நிறமானால் இரண்டையும் வெளியே வைத்துவிட வேண்டும். இது ஒன்றையொன்று முடக்குவது. ஒரே நிறமானால் அவற்றைப் பைக்குள் திரும்பப் போட்டு, அதே நிறத்தில் இன்னும் இரண்டைச் சேர்க்க வேண்டும். இது தன்னைப் போன்றதைப் பெருக்குவது. ஒவ்வொரு சுற்றுக்குப் பிறகும் எண்ணிக்கையை அட்டவணையில் குறிக்க வேண்டும்.

முதல் சில சுற்றுகளில் இழுபறி. பிறகு ஒரு நிறம் கொஞ்சம் முந்தும். முந்தியது மேலும் முந்தும். பெரும்பாலும் 30, 40 சுற்றுகளுக்குள் ஒரு நிறம் பையை ஆட்கொண்டுவிடும். எங்கள் வகுப்பில் ஆறு குழுக்களில் நான்கில் சிவப்பு வென்றது, இரண்டில் நீலம். “விதி எல்லாருக்கும் ஒண்ணுதானே, ஏன் வேற வேற நிறம் ஜெயிச்சது?” என்று ஒரு மாணவன் கேட்டான். பாடத்தின் மையமே அதுதான். ஏதேனும் ஒன்று வெல்லும் என்பதை விதி தீர்மானிக்கிறது. எது வெல்லும் என்பதைத் தொடக்கத்தின் சிறு தற்செயல்கூடத் தீர்மானிக்கலாம். அடுத்து, ஒரு குழுவுக்கு 11 சிவப்பு, 9 நீலம் கொடுத்துப் பலமுறை ஆடச் சொல்லுங்கள். விண்கல்லோ காந்தப் பாறையோ கொடுத்த சாய்வுக்கு அது ஒப்பு. சிவப்பு கூடுதல் முறை வெல்லும், ஆனால் எப்போதும் அல்ல.

இன்னும் திறந்திருக்கும் கதவு

அந்தச் சாய்வு உண்மையில் இருந்ததா என்பதே இன்று விவாதத்தில் இருக்கிறது. நாசாவின் ஒசைரிஸ்-ரெக்ஸ் விண்கலம் பென்னு குறுங்கோளிலிருந்து சுமார் 121 கிராம் மண்ணை 2023 செப்டம்பரில் புவிக்குக் கொண்டுவந்தது. புரதங்களில் உள்ள 20 அமினோ அமிலங்களில் 14 அதில் இருந்தன. ஆனால் மர்ச்சிசன் கல்லில் கண்டதுபோன்ற இடக்கை மிகுதி இல்லை. ஆராயப்பட்ட அமினோ அமிலங்களில் இரு கைகளும் ஏறத்தாழச் சரிபாதி என 2025-இல் அறிவித்தார்கள். விண்வெளியே இடக்கையைத் தேர்ந்தெடுத்தது என்ற கருத்துக்கு இது பின்னடைவு. ஆர்.என்.ஏ. ஒரு கையாக இருந்தால் அது தானாகவே எல் அமினோ அமிலங்களைத் தேர்ந்தெடுக்குமா என்று சோதித்த ஆய்வு 2024-இல் வெளியானது. வினையூக்கும் ஆர்.என்.ஏ.க்களில் சில எல் வகையை விரும்பின, சில டி வகையை விரும்பின. ஆகவே சர்க்கரையின் கை முடிவானதும் அமினோ அமிலத்தின் கையும் முடிவாகிவிட்டது என்றும் சொல்ல முடியவில்லை.

இப்பாடத்தின் முடிவில் கரும்பலகையை இரண்டாகப் பிரித்து, ‘தெரிந்தவை’, ‘தேடுபவை’ என எழுதுகிறேன். உயிருக்கு ஒரே கை தேவை, சிறு சாய்வு பெருக முடியும் என்பவை முதல் பத்தியில் வரும். முதல் சாய்வு எங்கிருந்து வந்தது, ஏன் இடது என்பவை இரண்டாவதில் வரும். தேர்வுக்கான விடை இதனால் மாறாது, பத்து நிமிடம் கூடுதலாகும். ஆனால் பாடநூலில் உள்ளது முடிந்துபோன செய்தி என்ற எண்ணத்தோடு ஒரு மாணவர் பள்ளியை விட்டுப் போவதற்கும், இரண்டாவது பத்தியில் தனக்கும் இடம் உண்டு என்ற எண்ணத்தோடு போவதற்கும் நிறைய வேறுபாடு உண்டு.

ஐரோப்பிய விண்வெளி முகமை 2028-இல் ஏவத் திட்டமிட்டுள்ள ரோசலிண்ட் ஃபிராங்க்ளின் ஊர்தியில், செவ்வாய் மண்ணில் உள்ள மூலக்கூறுகளின் இரு கைகளையும் பிரித்தறியும் கருவி இருக்கிறது. அங்கே ஒரு கை மட்டும் பெருமளவு மிகுந்திருந்தால், ஒரு காலத்தில் உயிர் இருந்ததோ என்று ஐயுற வலுவான காரணம் கிடைக்கும். அது நம் கைக்கு எதிர்க்கையாக இருந்தால், அந்த உயிர் நம்மோடு உறவில்லாமல் தனியே தோன்றியது என்று எண்ண இடமுண்டு. அந்த முடிவுகள் வரும் நாளில் செய்தியைப் படித்துப் புரிந்துகொள்ளப் போகிறவர்கள் இன்று நம் முன்னால் அமர்ந்து எல், டி என்று அடிக்கோடிட்டுக்கொண்டிருக்கும் பிள்ளைகள்தான்.